காரைக்காலில் கேட்ட "மகிழ்ச்சி"

"ஆல்பம்" என்றால் நம் வீடுகளில் கலியாணப் புகைப்படங்களை ஒட்டி வைத்திருக்கும் தடித்த புத்தகம் என்றுதான் நெடுங்காலம் பொருள். விருந்தாளி வந்து உட்கார்ந்ததும், அவர் தப்பி ஓட வழியில்லாதபடி மடிமேல் வைக்கப்படும் புத்தகம் அது. பாட்டுத் தொகுதிக்கும் அதே பெயர் எப்படி வந்தது என்று வாசகர்களில் சிலருக்கேனும் சந்தேகம் தோன்றியிருக்கும். நிமிஷத்துக்கு 78 சுற்றுச் சுற்றிய பழைய கிராமபோன் பிளேட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று, நான்கு நிமிஷப் பாட்டுக்குத்தான் இடம் உண்டு. நீண்ட சங்கீதத்தைப் பதிவு செய்தால் நாலைந்து பிளேட்டுகள் வேண்டும். அவற்றை உறைகளில் செருகி, கெட்டி அட்டை போட்டு, புகைப்படப் புத்தகத்தைப் போலவே கட்டி விற்றார்கள். பிளேட்டு மறைந்துவிட்டது. பின்னால் வந்த ஒலிநாடாவும் போயிற்று. குறுந்தகடும் பெரும்பாலும் போய்விட்டது. பாட்டு இப்போது கைப்பேசிக்குள் எங்கோ கண்ணுக்குத் தெரியாமல் குடியிருக்கிறது. ஆனாலும் அந்த அட்டைப் புத்தகத்தின் பெயர் மட்டும் விடாமல் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

மேல்நாடுகளில் ஒரு பாட்டுக் கோஷ்டி தன் முதல் ஆல்பத்தை வெளியிடுவது பெரிய விசேஷம். நம் சங்கீத உலகில் அரங்கேற்றம் எப்படியோ, அப்படி. ஆனால் தமிழ்நாட்டில் இந்த விசேஷம் அபூர்வம். இதற்குக் காரணம் நம்மிடம் பாட்டு இல்லாமை அல்ல. பாட்டெல்லாம் ஓர் இடத்தில் போய்ச் சேர்ந்துவிட்டதுதான். 1931-இல் "காளிதாஸ்" பேசும் படமாக வந்து பாடத் தொடங்கியது. அதற்கு முன் கிட்டப்பாவையும் சுந்தராம்பாளையும் நாடக மேடையில் கேட்டு, பிறகு பிளேட்டில் கேட்டவர்கள் நம் முன்னோர். படம் பாடத் தொடங்கிய பின், சபாவும் கோயிலும் தவிர மற்ற இடங்களிலெல்லாம் சினிமாப் பாட்டே பாட்டு என்று ஆயிற்று. கதாநாயகன் இல்லாமல், கதை இல்லாமல், மழையில் நனையும் கதாநாயகி இல்லாமல் ஒரு புதிய தமிழ்ப் பாட்டு தன் காலில் தானே நின்று ஜனங்களிடம் போய்ச் சேருவது, காவேரியில் எதிர்நீச்சல் போடுவதைப் போன்ற காரியம்.

அப்படி எதிர்நீச்சல் போட்டு வந்த ஒரு முதல் ஆல்பத்தைப் பற்றித்தான் எழுத வந்தேன். 2018-இல் வெளிவந்தது. பெயர், "மகிழ்ச்சி". வெளியிட்டவர்கள் "தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்" என்ற சென்னைக் கோஷ்டியார். பெயரைப் பார்த்து ஏதோ சீமைச் சரக்கு என்று எண்ண வேண்டாம். "சாதியற்ற தமிழர்" என்று அயோத்திதாச பண்டிதர் சொன்னாரே, அதன் எதிரொலிதான் அந்தப் பெயர். பண்டிதர் 1907-இல் "ஒரு பைசாத் தமிழன்" என்ற வாரப் பத்திரிகையைத் தொடங்கி நடத்தியவர், 1914-இல் காலமானவர். ஒரு நூற்றாண்டு கழித்து அவருடைய சொல்லைச் சில வாலிபர்கள் எடுத்துத் தங்கள் கொடியாகக் கட்டிக் கொண்டார்கள்.

சினிமா டைரக்டர் பா. ரஞ்சித்தும், இசையமைப்பாளர் தென்மாவும் 2017-இல் இந்தக் கோஷ்டியைச் சேர்த்தார்கள். 2018 ஜனவரி 6-ஆம் தேதி சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் முதல் கச்சேரி நடந்தது. மேடையில் 19 பேர். கோட்டும் சூட்டும் அணிந்து வந்து நின்றார்கள். கிதாரும் மேல்நாட்டு டிரம்ஸும் ஒரு பக்கம். பறையும் சட்டியும் கட்ட மோளமும் மற்றொரு பக்கம். அந்த 19 பேரில் பெண் ஒருவரே: இசைவாணி. ஆண்களின் கோட்டையாக இருந்த கானாவில் புகுந்து பாடிய அவரை, 2020-இல் பி.பி.சி. தன் நூறு பெண்மணிகளின் வரிசையில் சேர்த்தது. இன்னொருவர் அறிவு. 2021-இல் "எஞ்சாயி எஞ்சாமி" என்ற பாட்டு உலகமெல்லாம் சுற்றியது அல்லவா? அதில் தீயுடன் சேர்ந்து பாடிய அதே அறிவுதான். அவர் அரக்கோணத்துக்காரர். இந்த ஊர்ப் பெயரை வாசகர்கள் சற்றே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் வேலை இருக்கிறது.

இந்தப் பாட்டுகள் காரைக்காலில் எங்கள் வீட்டுக்குள் வந்தது என் தங்கை மகனின் கைப்பேசி வழியாக. சென்னையில் படிக்கும் பிள்ளை, விடுமுறைக்கு வந்திருந்தான். சாயங்கால வேளை. கடல் காற்று அரசலாற்றுப் பக்கமிருந்து வரத் தொடங்கியிருந்தது. கூடத்தில் அத்தை விளக்கேற்றிவிட்டு ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தாள். என் தகப்பனாரின் தமக்கை. எண்பதை எட்டிக் கொண்டிருப்பவள். திருமுறைகளில் பெரும்பகுதி மனப்பாடம். பையன் கைப்பேசியைச் சிறிய ஒலிபெருக்கி ஒன்றோடு சேர்த்து முடுக்கினான். பறை முழங்கியது.

அத்தை ஊஞ்சலை நிறுத்தினாள். "என்னடா தம்பி இது? விளக்கு வைத்த நேரத்தில் சாவுக் கொட்டை வீட்டுக்குள்ளே அடிக்க விடுகிறாயே!"

"பாட்டி, இது சாவுக் கொட்டு இல்லை, கச்சேரி" என்றான் பையன்.

"எனக்குக் காது கேட்கிறது" என்றாள் அத்தை.

இந்த இடத்தில் பழங்காலத்து மனுஷிக்கு நவீனச் சங்கீதம் புரியவில்லை என்று எழுதிவிட்டு மேலே போவது சுலபம். ஆனால் எண்ணிப் பார்க்கப் பார்க்க, அத்தை சொன்னதில் முக்கால் பங்கு உண்மை என்றே எனக்குப் பட்டது.

கானா என்பது வடசென்னையின் குடிசைப் பகுதிகளிலும் துறைமுகத்தை அண்டிய தெருக்களிலும் வளர்ந்த பாட்டு. அதன் முக்கியமான மேடைகளில் ஒன்று சாவு வீடு. இரவு முழுவதும் பிணத்தைக் காத்து உட்கார்ந்திருக்கும் உறவினருக்காக, இறந்தவரின் குணத்தையும் குறும்பையும் சொல்லி, வாழ்வின் நிலையாமையைச் சொல்லி, நடுநடுவே சிரிக்கவும் வைத்து விடிய விடியப் பாடுவார்கள். மரண கானா என்றே அதற்குப் பெயர். கையில் வாத்தியம் இல்லாவிட்டால் மேஜைப் பலகையே மத்தளம். 1990-களில் தேவா போன்ற இசையமைப்பாளர்கள் கானாவைச் சினிமாவில் புகுத்தினார்கள். அங்கே அது காதல் பாட்டாகவும் கேலிப் பாட்டாகவும் உருமாறிற்று. துக்கம் வாசலிலேயே நின்றுவிட்டது.

பறையின் கதை இன்னும் நீளமானது. தொல்காப்பியர் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களைச் சொல்லும்போது, தெய்வம், உணவு, மரம், பறவை இவற்றோடு பறையையும் சேர்த்துச் சொல்லியிருக்கிறார். நெல் விளையும் மருதத்துக்கு நெல்லரி கிணை. மீன் பிடிக்கும் நெய்தலுக்கு மீன்கோட் பறை. எங்கள் காரைக்கால் ஒரு கையில் வயலும் மறு கையில் கடலும் வைத்திருக்கும் ஊர். ஆகவே இலக்கணப்படி எங்களுக்கு இரண்டு பறைகள் பாத்தியம்! ஆனால் அறுவடையும் வலைவீச்சும் பறையை மறந்துவிட்டன. சாவு ஒன்றுதான் மறக்கவில்லை. அதை அடிக்கும் கடமையை ஒரு சாதியார் தலையில் கட்டி, அடித்தவரையும் அடிக்கப்பட்ட கருவியையும் சேர்த்தே தெருக்கோடியில் நிறுத்தினோம்.

எங்கள் தகப்பனார் காலமான அன்று பறை அடிக்க வந்த பெரியவரை நான் மறக்கவில்லை. தெரு முனையில் வைக்கோலைக் கொளுத்தி, தோலை அனலில் காட்டி, விரலால் தட்டித் தட்டிச் சுருதி பார்த்தார். தோல் இளகியிருந்தால் நாதம் எழாது. அளவுக்கு மேல் காய்ந்தால் கிழியும். வீணை வித்வான் பிருடையைத் திருகும்போது காட்டும் கவனம் அவர் விரலில் இருந்தது. வலக்கையில் தடித்த அடிக்குச்சி, இடக்கையில் மெல்லிய சிண்டுக்குச்சி. ஊர்வலம் நகர நகர அடிகள் மாறின. நடைக்கு ஒன்று, நிற்பதற்கு ஒன்று, சுடுகாட்டு எல்லையில் ஒன்று. "இதையெல்லாம் உங்கள் பிள்ளை கற்றுக்கொள்கிறானா?" என்று பிறகு கேட்டேன். "அவன் என்ஜினீயரிங் படிக்கிறான், ஐயா. இந்தக் குச்சியைத் தொடக் கூடாது என்று நான்தான் சொல்லியிருக்கிறேன்" என்றார். அவர் குரலில் வருத்தமும் பெருமையும் சம அளவில் இருந்தன.

அந்தப் பதிலில் ஒரு பெரிய வழக்கு அடங்கியிருக்கிறது. ஒடுக்கப்பட்ட மக்களின் இயக்கங்களுக்குள்ளேயே இதைப் பற்றி இரண்டு வழிகள் உண்டு. இழிவின் சின்னமாகிவிட்ட பறையை அடிக்க மறுத்து விட்டெறிவது ஒரு வழி. அதைச் சாவு வீட்டிலிருந்து மீட்டு, கலையாக மேடையில் ஏற்றுவது மற்றொன்று. முதல் வழியில் மனிதனுக்கு மானம் கிடைக்கிறது. ஆனால் பல தலைமுறை வித்தை மண்ணோடு போகிறது. இரண்டாவது வழியில் வித்தை பிழைக்கிறது. ஆனால் கேட்பவர்களின் காது மாறாவிட்டால் மேடையில் நின்றாலும் அது சாவுக் கொட்டாகவே கேட்கும். எங்கள் கூடத்தில் அன்று நடந்தது அதுதான். "மகிழ்ச்சி" என்ற ஆல்பத்தின் வெற்றி தோல்வி சென்னை மேடையில் மட்டும் தீர்மானமாவதில்லை. இப்படிப்பட்ட கூடங்களிலும் தீர்மானமாக வேண்டியிருக்கிறது.

இப்போது எங்கள் ஊரின் பெருமையைச் சொல்லிக்கொள்ள அனுமதி வேண்டும். காரைக்கால் 1739 முதல் 1954 வரை பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது என்று சரித்திரப் புத்தகம் சொல்லும். ஆனால் ஊருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது பிரெஞ்சுக்காரர் அல்ல. புனிதவதி என்ற ஒரு செட்டிப் பெண். மாங்கனிக் கதையை நான் திருப்பிச் சொல்ல வேண்டியதில்லை. ஆனிப் பௌர்ணமியை ஒட்டி நடக்கும் திருவிழாவில் மாடிகளிலிருந்து மாம்பழம் இறைக்கப்படுவதையும், கீழே பிடிக்கக் கைகள் நீளுவதையும் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். ஆனால் அம்மையார் பாட்டுக்காரி என்பது மாம்பழ மழையில் பலருக்கு மறந்துபோகிறது.

அழகையும் இளமையையும் உதறி, பேய் வடிவம் வேண்டிப் பெற்று, அவர் போய்ச் சேர்ந்த இடம் திருவாலங்காடு. அங்கே பாடிய இரண்டு பதிகங்களுக்கு "மூத்த திருப்பதிகம்" என்று பெயர். தேவாரம் பாடிய மூவருக்கும் முந்தியவர் அவர் என்பதால் அந்த "மூத்த" என்ற அடைமொழி. ஒன்றுக்குப் பண் நட்டபாடை, மற்றதற்கு இந்தளம். பின்னர் வந்த ஞானசம்பந்தரின் முதல் பதிகமும் அதே நட்டபாடையில்தான் அமைந்தது. இன்று ஓதுவார்கள் அதைக் கம்பீர நாட்டையில் பாடுகிறார்கள். பதிகம் என்ற உருவத்துக்கே வழிகாட்டிய அந்த இரண்டையும், இந்தக் காலத்துப் பேச்சில் சொன்னால், அம்மையாரின் முதல் ஆல்பம் என்று சொல்லிவிடலாம். அரசன் பொருள் கொடுக்கவில்லை. அவைப் புலவர் யாரும் அங்கீகரிக்கவில்லை. சுயேச்சைச் சங்கீதம் என்றால் இதைவிடச் சுயேச்சை எது?

அந்தப் பாட்டு நடக்கும் இடம் எது? சுடுகாடு. எரியும் பிணம், கள்ளியும் ஈகையும் மண்டிய புதர், நரி, பேய்க் கூட்டம். அங்கே இறைவன் ஆடுகிறான். ஆட்டத்துக்கு வாத்தியம் வேண்டாமா? முதற் பதிகத்தில் ஒரே செய்யுளில் அம்மையார் ஒரு முழுக் கோஷ்டியையே நிறுத்துகிறார். ஏழிசையின் பழந்தமிழ்ப் பெயர்களைச் சொல்லிவிட்டு, வாத்தியங்களை அடுக்குகிறார். குடமுழா உண்டு, மத்தளம், மொந்தை, தக்கை, கரடிகை, தமருகம், துந்துபி உண்டு, கொக்கரையும் தாளமும் உண்டு. நரம்புக் கருவி என்று பார்த்தால் வீணை ஒன்றே. மற்றவற்றில் பெரும்பாலானவை தோற்கருவிகள். ஒரு நரம்புக் கருவியைச் சுற்றி ஒரு தோல் கூட்டம்! கீழ்ப்பாக்கத்து மேடையில் கிதாரைச் சுற்றிப் பறையும் சட்டியும் கட்ட மோளமும் நின்ற காட்சியை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

திருவாலங்காடு எங்கே இருக்கிறது என்றும் சொல்லிவிடுகிறேன். திருவள்ளூரிலிருந்து அரக்கோணம் போகும் ரயில் பாதையில், அரக்கோணத்துக்குச் சில ஸ்டேஷன்கள் முன்னால். கடலோரத்துக் காரைக்கால் பெண் அந்தப் பக்கம் போய் மயானத்தில் பாடினாள். சுமார் 1,500 ஆண்டுகளுக்குப் பிறகு அந்தப் பக்கத்துப் பையன் ஒருவனின் குரல், பறையோடு சேர்ந்து காரைக்காலுக்கு வந்திருக்கிறது. கடன் திரும்பி வந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

இன்னொரு பொருத்தமும் உண்டு. பதிகத்தின் கடைசிப் பாட்டில் அம்மையார் தம் பெயரைச் சொல்லும்போது, வணிகர் குலத்தைச் சொல்லவில்லை. பெற்றோர் வைத்த பெயரைச் சொல்லவில்லை. "காரைக்கால் பேய்" என்று சொல்லிக்கொள்கிறார். ஊரார் வெருண்டு ஒதுக்கும் சொல்லை எடுத்துத் தம் முத்திரையாக வைத்துக்கொண்டார். சென்னைக் கோஷ்டியார் சாதியைத் துறந்ததையே பெயராக்கிக்கொண்டதும் அந்த வழியில் வந்த துணிச்சல்தான்.

ஆல்பத்தில் எல்லாம் தங்கம் என்று நான் சாதிக்க வரவில்லை. சில இடங்களில் கோஷம் பாட்டை விழுங்கிவிடுகிறது. பத்தொன்பது பேரும் ஒரே சமயத்தில் உற்சாகம் கொள்ளும்போது, பல்லவி எது, சரணம் எது என்று தெரியாமல் காது தத்தளிக்கிறது. ஆனால் நல்ல இடங்கள் மிக நல்ல இடங்கள். கோஷ்டியார் பாடும் "கோட்டா" என்ற பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். விஷயம் இடஒதுக்கீடு. நம்மைப் போன்ற குடும்பங்களில் பரீட்சை முடிவு வரும் மாதத்தில் சாப்பாட்டு வேளையில் தவறாமல் கிளம்பும் சர்ச்சை அது. அந்தச் சர்ச்சையில் இதுவரை நாம் கேட்டது நம் பக்கத்துக் குரலை மட்டுமே. எதிர்ப்பக்கத்துக் குரல் மனுவாக வரவில்லை, சொற்பொழிவாக வரவில்லை. தாளத்தோடு, கேலியோடு, காலை ஆட்ட வைத்துக்கொண்டு வருகிறது. கால் ஆடிய பிறகு மனம் மட்டும் முறைத்துக்கொண்டிருப்பது கஷ்டம். பாட்டின் சாமர்த்தியம் அங்கேதான் இருக்கிறது.

"இருந்தாலும் இது நம் சங்கீதம் ஆகுமா?" என்று சிலர் கேட்கலாம். 1940-களில் தமிழிசை இயக்கம் நடந்ததை நினைத்துப் பாருங்கள். தமிழ்நாட்டுச் சபாக்களில் தமிழ்ப் பாட்டுக்கு முழு இடம் வேண்டும் என்று ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரும் கல்கி போன்ற எழுத்தாளர்களும் வாதாட வேண்டியிருந்தது. 1943-இல் தமிழ் இசைச் சங்கம் பிறந்தது. தமிழ் சங்கீதத்துக்கு ஏற்ற பாஷைதானா என்று அன்று பெரிய வித்வான்களே சந்தேகப்பட்டார்கள். இன்று அந்தச் சந்தேகத்தைக் கேட்டால் குழந்தை கூடச் சிரிக்கும். பிடில் மேல்நாட்டிலிருந்து வந்து பாலுஸ்வாமி தீட்சிதர் கையில் ஏறி நம்முடையதாயிற்று. ஆர்மோனியம் பாரிஸிலிருந்து புறப்பட்டு நாடகக் கொட்டகைக்கு வந்து நம்முடையதாயிற்று. கடல் தாண்டி வந்த வாத்தியங்களுக்குக் கூடத்தில் பாய் விரித்த நாம், நம் தெருக்கோடியில் தொல்காப்பியர் காலம் முதல் நிற்கும் வாத்தியத்துக்கு வாசற்படி தாண்ட அனுமதி கொடுக்க யோசித்துக்கொண்டிருக்கிறோம். அன்று பாஷைக்காக நடந்த வழக்கு இன்று கருவிக்காகவும், அதைக் கையில் பிடித்தவர்களுக்காகவும் நடக்கிறது. வாதிகள் வேறு, வழக்கு ஒன்றே.

இவ்வளவையும் அத்தையிடம் சொன்னேனா என்றால், சொன்னேன். அவள் பதிகத்தை மனசுக்குள் ஓட்டிப் பார்ப்பவள் போல் உதடுகளை அசைத்தாள். வாத்தியங்களை விரல்விட்டு எண்ணினாள். நான் ஒன்றைத் தவறவிட்டதாகச் சொல்லித் தகுணிச்சத்தைச் சேர்த்தாள்! பிறகு, "அம்மையார் கேட்டது மயானத்தில். வீட்டுக்குள்ளே கொண்டுவரவில்லையே" என்றாள். வாதத்தில் அவளை ஜயிப்பது என்றுமே நடந்ததில்லை. சற்று நேரம் கழித்து, "அந்தப் பெண் குரல் நன்றாயிருக்கிறது. அதை மட்டும் வை" என்று பையனிடம் சொன்னாள். பையன் வைத்தான். பறையை விலக்கிவிட்டுக் குரலை மட்டும் வைக்க இயலாது என்பதை அவன் சொல்லவில்லை; அவளும் கேட்கவில்லை.

வாசகர்களுக்கு ஒரு யோசனை. இந்த ஆல்பத்தைக் காதில் குழாய் மாட்டிக்கொண்டு தனியாகக் கேட்க வேண்டாம். பெரியவர்கள் கோயிலுக்குப் போயிருக்கும் சமயம் பார்த்துக் கேட்கவும் வேண்டாம். வீட்டார் எல்லோரும் கூடியிருக்கும்போது, கூடத்தில், சற்று உரக்கவே வையுங்கள். வாக்குவாதம் நிச்சயம் வரும். காபி ஆறிப்போகும். ஆனால் அந்த வாக்குவாதம் நம் வீடுகளில் நடந்து தீர வேண்டிய ஒன்று. அதை இவ்வளவு நல்ல தாளத்தோடு தொடங்கி வைக்க வேறு யாரும் முன்வரவில்லை.